சரல் வழியும் பொழி வழியும்

எனக்குச் சைக்கிள் என்றால் பயம். ஏறவும் பயம், இறங்கவும் பயம், நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது கேட்கவே வேண்டாம். ஆனாலும் சில வருஷங்கள் அதில்தான் சுற்றினேன். மிஷன்காரர்கள் என்னை இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். ஒன்று தேங்காய்ப்பட்டணத்துக்கு எதிரே, ஆற்றுக்கு மேற்குக் கரையில், கடலோரத்தில் இருந்தது. மற்றது ஆற்றுக்குக் கிழக்கே, கருங்கல் பக்கம், உள்நாட்டில். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. நடந்தே போய் வந்தால் ஒரு நாள் வீணாகிறது என்று மிஷன் துரைசாணியம்மா தன்னுடைய பழைய சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குப் பயம்.

சேலை கட்டிய ஒரு பெண் சைக்கிளில் போவதை அந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வேலி ஓரத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். நாய்கள் மட்டும் சிரிக்காது. அவை முந்தானையைக் குறிவைத்தே துரத்தும்.

இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் நடுவே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சரல் வழி. மேற்குக் கரையோடு வடக்கே ஏறி, குழித்துறைப் பாலத்தைக் கடந்து, கிழக்குப் பக்கமாக மறுபடி தெற்கே இறங்க வேண்டும். செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த சரலைக் கொட்டிப் பரத்திய பாதை. இருபுறமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும் முந்திரி காய்க்கும் கொல்லாமரமும் பனையுமாக, ஏற்றம் முடிந்தால் இறக்கம், இறக்கம் முடிந்தால் ஏற்றம். இறக்கத்தில் டயருக்கடியில் சரல் உருளும். பிரேக்கைப் பிடித்தால் வண்டி சறுக்கும், பிடிக்காவிட்டால் பறக்கும். எத்தனையோ தடவை "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்வதானால் இந்தப் பாதையோர ஓடையில் வேண்டாம்" என்று சத்தமாகவே ஜெபித்திருக்கிறேன்.

மற்றது பொழி வழி. ஆறு கடலில் விழும் இடத்தை, கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து அடைத்துவிடும். அந்த மணல்திட்டுக்குத்தான் பொழி என்று பேர். ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர் அசையாமல் கிடக்கும், மறுபக்கம் கடல் இரையும். நடுவே ஈரமணல் நன்றாக இறுகிக் கிடப்பதால் சக்கரம் பதியாமல் ஓடும். பாதி நேரத்தில் தேங்காய்ப்பட்டணம் போய்ச் சேர்ந்துவிடலாம். அலையைப் பார்க்காமல் இருந்தால் போதும். நான் பார்க்காமல் இருந்ததே கிடையாது.

இந்த வசதியெல்லாம் மழை தொடங்கும் வரைதான். மழை பிடித்துவிட்டால் ஆற்றில் வெள்ளம் பெருகும், வெளியே போக வாய் இருக்காது, பின்னால் ஏறி வயல்களை மூழ்கடிக்கும். அப்போது மேலே உள்ள வயல்காரர்கள் மண்வெட்டியோடு கூட்டமாக இறங்கிவந்து பொழியை வெட்டுவார்கள். கடல் தாழ்ந்து நிற்கும் வேலியிறக்க நேரம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். வேலியேற்றம் வந்துவிட்டால் அலையே மணலைத் தள்ளி, வெட்டினதை மூடிவிடும். உள்நாட்டில் பிறந்த எனக்கு இதெல்லாம் கேள்வி ஞானம்தான். வெட்டுவதைக் கண்ணால் கண்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். என் கணவர் கொல்லத்தில் வேலையாக இருந்தார். நானும் இரண்டு வயதுப் பிள்ளையும் கடலோரப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இருந்தோம். நாலைந்து நாளாக விடாத மழை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு குரல் கம்மியது. ஒரு காலையில் பார்த்தால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது, தொண்டையிலிருந்து ஓட்டைக் குழலை ஊதுவதுபோல ஒரு சத்தம். வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். முந்தின வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளையை அது கொண்டுபோயிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி ஆற்றுக்குக் கிழக்கே, கருங்கல்லையும் தாண்டி இருந்தது. ஆறு நிறைந்த நாட்களில் ஆட்களை அக்கரை கடத்தும் வள்ளக்காரர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்.

"இன்னைக்குப் பொழி வெட்டுதாவ டீச்சர். வள்ளத்தை இறக்கினா நேரே கடலுக்குத்தான் போவும்" என்றார்.

பாலம் சுற்றிப் போனால் மத்தியானம் ஆகிவிடும். அதுவரை இந்த மூச்சு தாங்காது. பொழி ஒன்றுதான் வழி, வெட்டுவதற்கு முன்னால் கடந்துவிட வேண்டும். பழைய சேலையால் பிள்ளையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அந்தச் சத்தம் என் பிடரியில் கேட்டுக்கொண்டே வந்தது. கேட்டால் பயமாக இருந்தது. ஒரு நொடி கேட்காவிட்டால் உயிரே போனது.

பொழியில் நாற்பது ஐம்பது ஆட்கள் நின்றார்கள். திட்டுக்குக் குறுக்கே ஆற்றிலிருந்து கடலை நோக்கி வெட்டி முடித்து, ஆற்றுப் பக்கத்து வாயை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. எல்லாரும் கூவிக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் தொண்டை கரகரத்த, நெட்டையான ஒருவர் கையை வீசினார். "வராதிய டீச்சர்! அங்கேயே நில்லுங்க!"

நான் நிற்கவில்லை. என் கண்ணுக்கு அது ஒரு வாய்க்கால். எங்கள் ஊர் வயல்களில் அதைவிட அகலமான வாய்க்கால்களைச் சின்ன வயதிலிருந்து தாண்டியிருக்கிறேன். இதற்கா இத்தனை கூச்சல் என்றுதான் நினைத்தேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் காலை வைத்தேன். எங்கள் வாய்க்கால் வரப்பு களிமண். இது வெறும் மணல். காலுக்கடியில் கரை அப்படியே கரைந்தது. இடுப்பளவு தண்ணீருக்குள் விழுந்தேன், தண்ணீர் என்னைக் கடல் பக்கம் இழுத்தது. ஒரு நிமிஷத்துக்கு முன் ஒரு எட்டில் தாண்டுகிற அகலம் இருந்தது, இப்போது கை நீட்டினாலும் அக்கரை எட்டவில்லை. பிள்ளையின் தலை நனையக் கூடாது என்று கத்தினேன். கத்தினதாக நினைத்தேன், சத்தம் வந்ததா என்று தெரியாது.

அந்த நெட்டை மனிதர்தான் குதித்து, என் தோளில் இருந்த சேலை முடிச்சைப் பிடித்துத் தூக்கி, புறப்பட்ட கரையிலேயே கொண்டு போட்டார். வேறு யாரோ சைக்கிளை இழுத்தார்கள்.

"சொன்னா கேக்கப்பிடாதா? சாவதுக்கா வந்திய?" என்று அவர் சத்தம் போட்டார். அப்புறம்தான் பிள்ளையின் மூச்சு அவர் காதில் விழுந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன?"

"தொண்டை அடைச்சுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அக்கரைக்கு விட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அழுதேன்.

அவர் கடலைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். அதற்கும் பின்னால் அவர்களுடைய முதல் போக நெல்லான கன்னிப்பூவின் நாற்று முழுக்கத் தண்ணீருக்கடியில் கிடந்தது. வாய்க்கால் விரிந்துகொண்டே இருந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் அதில் இறங்க முடியாது. கூட்டத்தில் ஒருவர் மெதுவாக, "வேலியிறக்கம் போயிருமே" என்றார்.

"போனா போவட்டு. மண்ணைத் தள்ளுங்கலே. வாயை அடைங்க!"

சொல்லிவிட்டு அவர் போய், ஆற்றுப் பக்கத்தில் தாங்களே திறந்துவிட்ட வாயில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார், அப்புறம் இன்னொருவர். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, ஒரு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் அவர்கள் மடியிலேயே மணலை வெட்டி வெட்டிக் கொட்டினார்கள். எவ்வளவு நேரம் ஆனதோ, நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தளர்ந்தது, பிறகு நின்றது. நெஞ்சுவரை மணலில் புதைந்திருந்தவர்களின் முன்னால், மிதித்து இறுக்கிய மணல்மேல் என்னை நடத்தி, சைக்கிளையும் தூக்கிக் கடத்தினார்கள். நன்றி சொல்லக்கூட நான் திரும்பவில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஏறும் சரல் பாதையில் எப்படி மிதித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கருங்கல்லைத் தாண்டியதும் பிடரியில் சத்தம் அடங்கிவிட்டது. இறங்கிப் பார்க்கப் பயந்து, அழுதுகொண்டே மிதித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பிள்ளையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். டாக்டர் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். குழாய் வழியாக என் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும்போதுதான் மற்றச் செய்தி காதில் விழுந்தது. நான் போனபிறகு அவர்கள் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். அதற்குள் வேலியேற்றம் வந்துவிட்டது. வெட்ட வெட்ட அலை மூடியிருக்கிறது. பிறகு கடல் கொந்தளித்து, பொழியில் யாரும் கால் வைக்கவே முடியவில்லை. ஒருவழியாக வெட்டி விட்டபோது அந்த ஊரின் கன்னிப்பூ மொத்தமும் அழுகிவிட்டதாம்.

அன்றிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. அந்த வயல்காரர்களின் ஊர் தேங்காய்ப்பட்டணத்துக்குச் சற்று மேலே இருந்தது. பொழி வழியே போனால் அவர்கள் கண்ணில் படாமல் இருக்க முடியாது. அடிக்க மாட்டார்கள், ஏசக்கூட மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் பார்ப்பார்களே. சட்டியில் சோறு கொதிக்கும்போதுகூட அந்த வரிசைதான் கண்முன் வந்து உட்காரும். கோடை வந்து பொழி மறுபடி அடைந்த பிறகும், குழித்துறைப் பாலம் சுற்றிச் சரல் வழியாகவே போய்வந்தேன். இறக்கங்களைவிட அவர்கள் முகம் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மாசி மாதம் ஒருநாள் பாலம் தாண்டி வரும் இறக்கத்தில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாகக் கூடையில் சரல் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி வண்டியை உருட்டினேன்.

"டீச்சர்" என்று ஒரு கரகரத்த குரல்.

தலையைத் தூக்காமலே ஆளைத் தெரிந்துவிட்டது. அவரோடு நின்ற மற்றவர்களும் அன்று தண்ணீரில் உட்கார்ந்தவர்கள்தான். விளைச்சல் போன வயல்காரர்கள், கூலிக்குச் சரல் சுமக்கிறார்கள். ஏசட்டும் என்று நின்றேன்.

அவர் கூடையை இறக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை... இருக்கா?"

"இருக்கு. ஓடி விளையாடுது" என்றேன்.

"அதுக்குப் பொறவு உங்களை அந்தப் பக்கம் காணவே இல்ல. பிள்ளை போயிருக்கும், அதுதான் டீச்சர் இந்த வழி வரமாட்டேங்கிறாவன்னு நெனச்சோம். ஆளனுப்பிக் கேக்கதுக்கும் பயமா இருந்து. எங்க வீட்டுல இதைப் பேசுறதே இல்ல, பாத்துக்கிடுங்க."

எட்டு மாதம். நான் அவர்களுக்குப் பயந்து சுற்றிய எட்டு மாதமும் அவர்கள் இந்த ஒரு பதிலுக்குப் பயந்து இருந்திருக்கிறார்கள்.

அவர் கூடையைத் தலையிலிருந்து அப்படியே கவிழ்த்துவிட்டு, இறக்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "ஏலே, டீச்சருக்க பிள்ளை இருக்காம்லே! ஓடி விளையாடுதாம்!"

எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எவ்வளவு வளர்ந்தது, குரல் தெளிந்ததா, சோறு தின்கிறதா என்று கேட்டார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, பொழி வழியாகவே அவர்கள் ஊருக்குச் சைக்கிளில் போனேன். வழி முழுக்கப் பயந்துகொண்டுதான் போனேன்.