நாண் கழற்றாத வில்

இந்த மலையில்தான் முருகனுக்குக் கோபம் தணிந்தது என்பார்கள். அடிவாரத்திலேயே பிறந்து, தினமும் கோயில் மணி கேட்டே எழுந்திருக்கிற எனக்கு மட்டும் அது தணிந்தபாடில்லை. காய்கறிக்காரரோடு சண்டை, நூல் கடைக்காரரோடு சண்டை. யாராவது விலை என்று வாயைத் திறந்தாலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வேன். மகளுக்குப் பழைய வில் ஒன்று வாங்கப் போன அன்றும் என் வீட்டுக்காரர் தறியை விட்டு நகரவில்லை.

"நீயே போய்ட்டு வா. நான் வந்தா விக்கறவரு கேக்கறத குடுத்துட்டு வந்துருவேன்" என்றார். அதுவும் உண்மைதான்.

மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வில் பழகினாள். அதுவரை அவள் கையில் இருந்தது தோழி ஒருத்தியின் வில். அந்தப் பெண் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறாள், வில்லும் கூடப் போகிறது. அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வு. சொந்த வில் இல்லாதவர்கள் பெயரே கொடுக்க முடியாது என்று வில் பழக்குகிற மாஸ்டர் சொல்லிவிட்டார். புது வில்லின் விலையைக் கேட்டதும், அட முருகா, வாயாடி நானே பேரம் பேசாமல் திரும்பினேன். என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம். அது பழசுக்குத்தான் தாங்கும். அந்தப் பழசிலும் ஏமாந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை, அவள் தேர்வும் அதோடு முடிந்தது.

கனகம்மாசத்திரத்தில் ஒருவரிடம் வில் இருப்பதாகச் சொன்னதும் மாஸ்டர்தான். தை மாதக் காலை. பஸ் ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் வயலை விட்டு எழுந்திருக்கவில்லை. மலை கொஞ்ச தூரம் எங்கள் கூடவே வந்தது, பிறகு பனியில் கரைந்து, கோபுரம் மட்டும் எதன்மேலும் நிற்காமல் வானத்தில் இருந்தது. மகள் என் தோளில் சாய்ந்து, தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி வில்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தக் காலத்து வில்லை மூன்று துண்டாகக் கழற்றலாமாம். நடுவில் உலோகக் கைப்பிடி. அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வளைந்த இரண்டு பட்டைகள். கைப்பிடி சீக்கிரம் கெடாது. பட்டைகள்தான் உயிர், அவை திருகிக்கொண்டால் அம்பு நேராகப் போகாது. நான் பாதி கேட்டேன், பாதி அவள் தலைமுடியின் எண்ணெய் வாசனையில் மயங்கிக் கிடந்தேன். இவள் பள்ளி முடித்து எங்காவது போய்விட்டால் இந்த வாசனைக்கு என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. கனகம்மாசத்திரம் வரைக்கும் அது போகவில்லை.

திருப்பதி சாலையோரம் தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை அது. கூரையில் அங்கங்கே ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு வெயில் கம்பி இறங்கி, அதில் தூசி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே லாரிகள் போன இரைச்சல் உள்ளே வரும்போது எங்கோ கடல் இரைகிற மாதிரி கேட்டது. சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கருஞ்சிவப்பில் அந்த வில் தொங்கியது. நாண் ஏற்றியபடியே இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மகள் அதைப் பார்த்த பார்வையிலேயே பேரம் பாதி தோற்றுவிட்டது. நறுக்கென்று அவள் கையைக் கிள்ளினேன்.

கடைக்காரருக்கு என் அண்ணன் வயது இருக்கும். வில் அவருடைய மகளுடையது. கல்யாணமாகி சித்தூர்ப் பக்கம் போய்விட்டாள். அவர் சொன்ன விலை புது வில்லின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"இன்னாங்க இது அநியாயமா கீது? பழைய பொருளுக்கு இந்த வெலயா?" என்று ஆரம்பித்தேன்.

"பழசுதாம்மா. ஆனா ஒரு கீறல் காட்டு பாக்கலாம். வந்தவங்க எல்லாரும் இப்டித்தான் கத்திட்டுப் போனாங்க. இஷ்டம்னா எடு, இல்லனா வுடு."

அவர் முகத்தில் விற்கிற ஆளின் பரபரப்பே இல்லை. நாங்கள் போய்விட்டால் நிம்மதி என்பது போல டயர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் யாரும் வாங்கக்கூடாது என்றுதான் இந்த விலை சொல்கிறார் என்று எனக்கு உறைத்தது. ஆத்திரமும் வந்தது, ஏனோ பாவமாகவும் இருந்தது.

மகள் கேட்டு வாங்கி வில்லை இறக்கினாள். என்னை நேராகப் பிடிக்கச் சொல்லி, பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். நாண் இரண்டு பட்டைக்கும் நட்டநடுவில் ஓட வேண்டுமாம். பிறகு அவள் பிடித்துக்கொள்ள நான் பார்த்தேன். எனக்கு வில் தெரியாது. ஆனால் இழை கோணினால் தெரியும், பிறந்ததிலிருந்து பார்ப்பது அதைத்தானே. மேல் பட்டையில் நடுவே ஓடிய நாண், கீழ்ப் பட்டையில் ஓரமாக ஒதுங்கியிருந்தது.

"மாமா, இதுக்கு எப்போ நாண் ஏத்துனது?" என்று மகள் கேட்டாள்.

"அவ கல்யாணத்துக்கு முன்னாடி ஏத்துனது. கழட்டவே இல்ல."

"எதுக்குங்க கழட்டல?" என்றேன் நான்.

"நாண் இல்லாம பூசையில வச்சா அது வெறும் கொம்பும்மா, வில்லா அது? அதும் இல்லாம..." டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். "போறப்ப அவ சொன்னா, நைனா, கழட்டாத, தீபாவளிக்கு வந்து அம்பு வுட்றேன்னு. வர்றா, வராம இல்ல. வந்தா கொயந்த, சமையலு, ஒடனே பஸ்ஸு. அடுத்த தபா நைனாம்பா. நான் தொடச்சி, பொட்டு வச்சி, ரெடியாவே வச்சிகினு இருந்தேன். இப்போ போன்ல, வித்துடுங்கறா."

தறியில் அன்றைய வேலை முடிந்தால் பாவு நூலைத் தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்போம். இழுத்த இழுப்பிலேயே விட்டால் நூல் செத்துப்போகும். இந்த மனுஷனோ, இந்தத் தகரச் சூட்டில், வருஷக்கணக்காக வில்லை விறைப்பாகவே நிற்க வைத்திருக்கிறார். சொன்னால் விலை இறங்கும். ஆனால் எப்படிச் சொல்வது? மகள்தான் சொன்னாள்.

"பட்டை ரெண்டும் வேலைக்கு ஆவாது மாமா. கீழது திருகிகிச்சு, ஒத்தைய மட்டும் மாத்த முடியாது. நாண் ஏத்தியே வச்சதுல அப்டி ஆயிருக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாங்கள் பார்த்த மாதிரியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ நான்தான் கெடுத்தனா?"

"எங்க தறியிலயும் இதேதாங்க" என்றேன். "இழுத்தே வச்சா எதுவும் தாங்காது. தெரியாம பண்ணதுதானே."

அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயே ஒரு வெல சொல்லும்மா" என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாகக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டிச் சொல்லவும் முடியாது, சீட்டுப் பணம். கைப்பிடியில் விரிசல் இல்லை. மாஸ்டர் சொல்லியிருந்த விலையை வைத்து, பழைய கைப்பிடிக்கு மட்டும் என்ன நியாயமோ அதைச் சொன்னேன். பட்டைகள் உங்களிடமே இருக்கட்டும், பழைய பட்டை மாஸ்டரிடம் கிடைக்கும் என்றேன். அவர் பேரம் பேசவில்லை.

"நாணை நீயே கழட்டிடு கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் பையிலிருந்து நாண் ஏற்றி இறக்கும் கயிற்றை எடுத்து வில்லின் இரு முனையிலும் மாட்டி, காலால் மிதித்து மெல்லத் தூக்கினாள். நாண் தளர்ந்து நழுவியது. வளைந்திருந்த பட்டைகள் நிமிர்ந்தன. தூங்கி எழுந்தவர்கள் சோம்பல் முறிப்பது போல இருந்தது. டியூபிலிருந்து குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. பட்டைகளைத் தனியே எடுத்து அவரிடம் கொடுத்தாள். சந்தனப் பொட்டு உதிராமல் வாங்கி, சாமி படத்தின் கீழே படுக்க வைத்தார்.

அந்தக் கைப்பிடியில் மாஸ்டர் கொடுத்த பட்டைகளை மாட்டித்தான் மகள் தேர்வுக்குப் போனாள். தேர்வானாள். இப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் பழகுகிறாள். முதல் மாதம் முழுக்க, தினமும் அவளுக்கும் சேர்த்து அரிசி களைந்து வைத்தேன். சனிக்கிழமை வருவேன் என்பாள், வரமாட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்கப் போனை எடுப்பேன். அப்போதெல்லாம் அந்தக் கடையில் கடைசியாகக் கேட்டது நினைவுக்கு வரும்.

கைப்பிடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாங்கள் படி இறங்கும்போது, அவர் தன் மகளுக்குப் போன் போட்டிருந்தார்.

"ஆங், நைனாதாம்மா. வித்தாச்சி... இல்ல, அழுவல. ஏம்மா, வில்லு வுடணும்னு இனிமே நீ வர வாணாம். சும்மா வா."

நானும் போனில் அதையேதான் சொல்கிறேன்.