சாப்பிட்டவுடன் தேத்தண்ணி தராத வீடு

என் மகள் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த நேரம் நான் வேறொரு பாடசாலையில் பிள்ளைகளுக்கு வினைமுற்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் படிப்பது பஸ்ஸில் போய் வருகிற டவுன் பாடசாலையில். நான் படிப்பிப்பது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில். போன் வந்தது. பிள்ளை விழுந்துவிட்டாள், தாடையில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். திரீவீலில் ஏறிப் போனேன். வழி முழுக்க டிரைவர் சிங்களத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டபோதுதான் என் கையில் கரும்பலகை துடைக்கும் டஸ்டர் இருப்பதைப் பார்த்தேன். அதைக் கால்சட்டைப் பையில் திணித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதைப் பாடசாலைக்குத் திருப்பிக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி அதைக்கொண்டு ஜன்னல் கண்ணாடி துடைக்கிறாள்.

மகளின் தாடையில் தையல் போட்டார்கள். இரத்தம் பரிசோதித்தார்கள். பிறகு டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இரத்தம் மிகக் குறைவு என்றார். மகளின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சோறு வடித்த கஞ்சி போல இருந்தது. மாத்திரை தருகிறேன், சாப்பாட்டையும் மாற்றுங்கள் என்றார். அடுத்த கிளினிக் நாளுக்குள் இரத்த அளவு ஏறாவிட்டால் வார்டில் நிறுத்தி இரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு கொழும்புக்கு அனுப்பி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். 'வேறு காரணம்' என்ற சொல் மட்டும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று அவர் கேட்டதற்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ரொட்டி வண்டியில் மீன் வைத்த பணிஸ். இடைவேளைக்கு பாடசாலைக் கன்டீனில் றோல்ஸ். பகலுக்குச் சோறும் பக்கெட் சோயாவும். இரவுக்கு நூடில்ஸ். என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் வேலை செய்கிறாள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. விடியும் முன்னே போய்க் கதவு திறக்க வேண்டும். நான் அடுப்பை எட்டிப் பார்த்தவன் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் சமைத்தது பெரும்பாலும் கடைக்காரர்கள்தான்.

அன்றிரவே சமையலை நான் பொறுப்பெடுத்தேன். மனைவி மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

கடைச் சாப்பாடு நிறுத்தப்பட்டது. சோயா, நூடில்ஸ், சொசேஜஸ், கலர் சோடா எல்லாம் நிறுத்தப்பட்டன. காலையில் அவித்த கவ்பிப் பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது பாசிப்பயறு, அல்லது குரக்கன் மா ரொட்டி. பகலுக்குச் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, நெத்தலி, ஒரு கீரை. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் முருங்கை நின்றது. ஓடைக்கரையில் வல்லாரை கிடந்தது. இவ்வளவு காலமும் அவற்றைத் தாண்டிப் போய்த்தான் பணிஸ் வாங்கியிருக்கிறோம்.

கவ்பியை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்று முதலில் எனக்குத் தெரியாது. அது வேகும்வரை காத்திருந்தால் பஸ் போய்விடும் என்பதால் பாதி வெந்ததைப் போட்டுக் கொடுத்தேன். மகள் ஒன்றை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றாள்.

"அப்பா, இத விழுங்கணுமா, இல்ல விதைக்கவா?" என்றாள்.

முருங்கைக்கீரையில் காம்பைக் கழிக்க வேண்டும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். என் மனைவி தட்டின் ஓரத்தில் காம்புகளை வரிசையாக அடுக்கிவைத்து, "வாத்தியாரு வீட்டுக் கீரை இல்லையா, ஈர்க்குமாறும் சேத்துத்தான் குடுப்பாரு" என்றாள். இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. அவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும். கொஞ்ச நாளில் கை படிந்துவிட்டது. கீரையைத் தேங்காய்ப்பூவோடு சேர்த்துச் சுண்டுகிற பக்குவம் வந்தது. ஒருநாள் மகள் இரண்டாம் தரம் கீரை கேட்டாள். நான் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் போட்டுவிட்டு, பின்பக்கம் போய்ச் சற்று நேரம் முருங்கை மரத்தடியில் நின்றேன்.

சூன் பாண்காரர் எங்கள் லயத்துக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் மனைவியிடம் பாட்டை நிறுத்திவிட்டு, வீட்டில் ஏதும் கெட்டது நடந்ததா என்று தணிந்த குரலில் சிங்களத்தில் விசாரித்திருக்கிறார். இல்லை, என் புருஷன் சமைக்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லையாம்.

ஒவ்வொரு காலையும் மகள் பஸ் ஏறுமுன் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். பஸ் நிற்கும் இடத்திலும் பார்ப்பேன், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். அவளுடைய கூட்டாளிப் பிள்ளைகள் இதற்குப் பழகிவிட்டார்கள். ஒருத்தி தானாக வந்து தன் இமையையும் இழுத்துக் காட்டி, "சேர், எனக்கும் பாருங்க" என்றாள். பார்த்தேன். அவளுக்கும் வெள்ளைதான். அவள் விளையாட்டுக்குக் காட்டியதால் நானும் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

மாத்திரையைத் தேநீரோடு கொடுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை அப்படியே கடைப்பிடித்தோம். படுக்கும் முன் வெறும் தண்ணீரில் மட்டும் கொடுத்தோம். தேத்தண்ணியிலிருந்தும் சீனியை எடுத்துவிட்டேன். இது என் சொந்த ஏற்பாடு. தோட்டத்தில் மாதாமாதம் தருகிற தேயிலைத்தூள், நல்ல சாயம். காலைக் கவ்பிக்குப் பிறகு ஒரு கிளாஸ், பகல் சோற்றுக்குப் பிறகு ஒரு கிளாஸ், இரவுக்கும் அப்படியே. எங்கள் ஆட்களுக்குச் சாப்பிட்டுக் கை கழுவினால் அடுத்தது கிளாஸ்தான். அது கைக்கு வரும்வரை சாப்பாடு முடிந்ததாகக் கணக்கில்லை. சீனியில்லாமல் குடிக்கப் பழகியதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நூடில்ஸ் சாப்பிடுகிற வீடுகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

கிளினிக் நாள் வந்தது. ஆஸ்பத்திரிக் கன்டீனில் என்ன விற்பார்கள் என்று தெரியும் என்பதால் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் நானும் மகளும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். காலையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது அங்கிருந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். இரத்தம் பெயருக்குத்தான் ஏறியிருந்தது. டொக்டர் வார்டில் இருக்கிறார், பகலுக்குப் பிறகு வந்து முடிவு சொல்வார், இருங்கள் என்றார்.

வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். இவ்வளவு கீரைக்கும் பயறுக்கும் ஏறாத இரத்தம் என்றால், காரணம் சாப்பாடு இல்லை என்றுதானே அர்த்தம். அப்படியானால் அந்த வேறு காரணம். செய்யத் தெரிந்ததைச் செய்தேன். பொதியைப் பிரித்தேன். சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்கீரை, நெத்தலி. பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகள் முழுவதையும் சாப்பிட்டாள். கை கழுவி வந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினேன்.

காலையில் கண்ட அதே நர்ஸ் அந்தப் பக்கமாக ஏதோ கோப்புகளோடு போனார். நாலு எட்டுத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அது என்ன என்று கேட்டார். தே என்றேன். சீனிகூட இல்லை என்பதையும் சொன்னேன். தினமும் இப்படித்தானா என்றார். மூன்று வேளையும் என்றேன், நல்ல பிள்ளையைப் பற்றிச் சொல்கிற தகப்பன் குரலில். சாப்பிட்ட உடனேயா? உடனேதான், சூடாக.

அவர் மகளின் கையிலிருந்த மூடியை எடுத்து வாங்கின்மேல் வைத்தார். கோபப்படவில்லை. கீரையில் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளித்தான் குடிக்க வேண்டும், கீரைக்கு தேசிக்காய் பிழிய வேண்டும் என்றார். டொக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்னாரே என்று கேட்டார். மாத்திரைக்குக் கொடுக்கவில்லை, சாப்பாட்டுக்குத்தான் கொடுத்தோம் என்றேன். அவர் கோப்புகளை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, டொக்டரிடம் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று டொக்டர் கேட்ட அன்று தேத்தண்ணியைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விடுகிறாள் என்றும்தான் நான் சொல்லவில்லை.

டொக்டர் வந்து கேட்டுவிட்டு, சரி, இன்னொரு மாதம் பார்ப்போம், அப்போதும் இல்லையென்றால் கொழும்பு என்றார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தேயிலை போய்க்கொண்டே இருந்தது.

"நம்மள சுத்தி நட்டு வச்சிட்டானுக பாருங்கப்பா" என்றாள்.

சமையலை மாற்றியது சுலபம். தேத்தண்ணியைத் தள்ளிவைத்தது அப்படி இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் மூன்று பேரும் எழும்பாமல் உட்கார்ந்திருப்போம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. மனைவியின் கை அவளையறியாமல் கேத்தல் பக்கம் போகும். நான் தொண்டையைச் செருமுவேன். அவள் கேத்தலைத் தொட்டுவிட்டு, சூடு ஆறிவிட்டதா என்று பார்த்ததாகச் சொல்வாள்.

அந்த நாட்களில் மனைவியின் அண்ணன் வந்தார். எம்பிலிப்பிட்டியவில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். மருமகளைப் பார்க்கப் பை நிறையப் பிஸ்கட்டோடு வந்தவருக்குப் பகல் சோறு போட்டேன். ஈரப்பலாக் கறியை மெச்சிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். வெயிலைப் பற்றிப் பேசினார். வியாபாரத்தைப் பற்றிப் பேசினார். குசினிப் பக்கம் பார்த்தார். கடைசியில் செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டே கேட்டார்.

"மச்சான், எம்மேல ஏதும் மனத்தாங்கலா?"

விஷயத்தைச் சொன்னோம். செருப்பை விட்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"அட போங்க மச்சான். தேத்தண்ணி குடிச்சு ரத்தம் கொறையும்னா, நம்ம ஆளுக ஒருத்தருக்கும் ரத்தமே இருக்கக் கூடாதே."

நான் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"ரத்தம் இல்லதாண்ணே" என்றாள். "காம்பிராவுக்கு புள்ளய கொண்டாந்து விடுற எந்தப் பொம்பளய வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. முழுகாம இருந்தப்ப கிளினிக்ல என்னா சொன்னாங்கன்னு கேளுங்க. ரத்தம் பத்தாதுன்னுதான் சொல்லியிருப்பாங்க. எனக்கும் அதத்தான் சொன்னாங்க."

மகள் எழுந்து தாயின் முன்னால் போய் நின்றாள். நான் தினமும் அவளுக்குச் செய்கிறபடியே தாயின் கன்னத்தில் பெருவிரலை வைத்துக் கீழ் இமையை இழுத்தாள். பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இங்க வாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கஞ்சித்தண்ணி.

மச்சான் அன்றைக்கு நேரம் வரும்வரை இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். இடையில் அவருக்கு ஒரு பஸ் தவறிப்போனது.

அடுத்த கிளினிக்குக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம், பிளாஸ்க் இல்லாமல். மனைவியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். மகளுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த நர்ஸிடம் போய் என்ன சொன்னாளோ தெரியாது, திரும்பி வந்தபோது அவளுக்கும் இரத்தம் பார்க்க ஒரு துண்டு எழுதியிருந்தது. முடிவுத் தாளை டொக்டர் கையில் வைத்துக்கொண்டிருந்த நேரம் நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் அவருடைய பேனையைப் பார்த்தேன். அதைத் திறந்தால் கொழும்புக்கு எழுதப்போகிறார். அவர் அதைச் சட்டைப் பையில் செருகினார். நன்றாக ஏறியிருக்கிறது, இப்படியே செய்யுங்கள் என்றார். இன்னும் ஏற வேண்டும், ஆனால் கொழும்பு தேவையில்லை. மனைவிக்கு மாத்திரை எழுதக் கடைசியில் பேனையைத் திறந்தார். மனைவியின் பெயர்தானா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

கொண்டுபோன சோற்றை ஆஸ்பத்திரி வாங்கிலேயே சாப்பிட்டோம். பஸ் தரிப்புக்கு வந்தபோது மகள் தேத்தண்ணிக் கடையைக் காட்டினாள். இன்றைக்கு ஒரு கிளாஸ் குடித்தே ஆக வேண்டும் என்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் ஆகவில்லை. சரி, கடைக்குள் இருந்து காத்திருப்போம் என்றாள் மனைவி.

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் வந்து என்ன வேண்டும் என்றார். தே என்றோம், ஆனால் இப்போது வேண்டாம் என்றோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். யாராவது வர இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். யாரும் இல்லை என்று மகள் சொன்னாள். அவர் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். இரண்டு பஸ் போய்விட்டது.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடை வாசலில் நல்ல வெளிச்சம் இருந்தது. அவளுடைய கன்னத்தில் விரலை வைத்தேன்.

"அப்பா, ஆளுக பாக்கிறாங்க. இப்பதான டொக்டரே சொன்னாரு."

"டொக்டரு சொன்னது வேற. ஒழுங்கா காட்டு."

காட்டினாள். இளஞ்சிவப்பு. நான் விரலை எடுக்கவில்லை. தாடையில் தையல் போட்ட இடம் என் உள்ளங்கையில் மேடாகத் தட்டுப்பட்டது. பக்கத்தில் என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் முகத்தையும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தாள்.