ஷோ ஓடுது, வை

எங்கள் கலை மையத்தில் படம் ஓட்டுகிற ஆபரேட்டருக்கு 'ஷோ ஓடுது' என்று ஒரு பட்டப்பெயர். வைத்தவள் நான்தான். இருபத்திரண்டு வருடமாக யார் போன் செய்தாலும் மனிதர் பேசுகிற பேச்சே "ஷோ ஓடுது, வை" என்பதுதான். கூப்பிட்டது மையத்தின் தலைவராக இருந்தால் "வைங்க" என்பார். அந்த இரண்டு எழுத்துதான் மரியாதை.

நான் கதவில் நிற்கிறவள். டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, படத்துக்கு நடுவில் போன் பேசுகிறவர்களை முறைத்தே வெளியே அனுப்புவது, எல்லாம் என் பாடு. எனக்கு வாய் நீளம் என்பார்கள். நூற்றுப்பத்து நாற்காலியைக் கட்டி மேய்க்கிறவளுக்கு வாய் குட்டையாக இருந்தால் நடக்குமா?

பெரிய தியேட்டர்காரர்கள் சீந்தாத படங்கள் எங்களிடம்தான் வரும். சின்னப் பசங்கள் கைக்காசைப் போட்டு எடுத்தவை. சிலது நெஞ்சைப் பிடித்து உலுக்கும். சிலதில் ஒரு ஆள் நாலு நிமிஷம் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்க வந்த பதினோரு பேரில் மூன்று பேர் குறட்டை விடுவார்கள். ஆபரேட்டர் அண்ணன் இதில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. ஷோவுக்கு முன்னால் முதல் ஐந்து நிமிஷம், நடுவில் ஐந்து, கடைசி ஐந்து ஓட்டிப் பார்ப்பார். படம் தெளிவா, சத்தம் சரியா, முடிந்தது. "கதையில உக்காந்துட்டா வேலை கெட்டுடும்மா" என்பார்.

அவர் மனைவி தையல்காரி. எங்கள் கதவில் தொங்குகிற கறுப்புத் திரை அவள் தைத்தது. இரட்டைத் துணி, ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வராது. அளவெடுக்க வந்த அன்று, "இவரு வீட்டுல பேசுறத எல்லாம் சேத்தா ஒரு முழம் துணி தேறாது" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா. போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வயிற்றில் கட்டி.

அவள் போனபிறகு அண்ணன் குளிக்க மட்டும் வீட்டுக்குப் போகிறவர் ஆகிவிட்டார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். ஸ்கேன் முடிவை வாங்க அவள் தனியாகப் போன அன்று, வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்லையாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்றாளாம். இரண்டு மாதத்தில் சுருண்டு விழுந்தாள். அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

"அன்னைக்கே அவளுக்குத் தெரியுமா தெரியாதா? ரிப்போர்ட்ல தேதி இருக்கு. அவகிட்ட எப்ப சொன்னாங்கன்னு யார்கிட்ட போய்க் கேக்கறது? தெரிஞ்சிருந்தா ஏம்மா என்கிட்ட சொல்லல? நான் என்ன அவளுக்கு வேத்தாளா?"

அந்தக் கேள்வி மூன்று வருடமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஆள் பாதியாகிவிட்டார்.

போன மாதம் சின்னப் படங்களுக்காக மூன்று நாள் விழா வைத்தோம். முதல் நாள் காலை பத்து மணிக்கு நான் நாற்காலிகளுக்கு நடுவில் பெருக்கிக்கொண்டிருந்தேன். மேலே ஆபரேட்டர் அறையில் அண்ணன் படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடு ஐந்து நிமிஷம் வந்தது. ஒரு பஸ் நிறுத்தம். கதாநாயகி பேசாமல் நிற்கிறாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில், கக்கத்தில் பெரிய பழுப்புக் கவரோடு, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை.

அக்கா! சாட்சாத் எங்கள் அக்கா!

துடைப்பம் கையிலிருந்து விழுந்தது. அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு சின்னப்பெண்ணின் கீச்சுக்குரல் வந்தது: "ரெண்டு டிக்கெட் எடுத்து வைடி, இதோ வந்துட்டே இருக்கேன்!" அப்படியே அரட்டை நீண்டது.

செத்துப்போனவளைத் திரையில் பார்ப்பதைக்கூடத் தாங்கலாம். அவள் உதடு அசைய, வேறு ஒருத்தி பேசுவதை எப்படித் தாங்குவது? படம் நின்றது. பின்னால் போய் மறுபடி ஓடியது. "ரெண்டு டிக்கெட் எடுத்து வைடி." மறுபடி. எட்டு முறை எண்ணினேன். அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டினார். அது இன்னும் மோசம். காலி ஹாலில் அவ்வளவு பெரிய முகத்தோடு அவள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

நான் மேலே ஓடினேன். அண்ணன் கண்ணாடித் துவாரத்தில் நெற்றியை ஒட்டி நின்றிருந்தார்.

"அதே புடவை, அதே கவர். ரிப்போர்ட் வாங்கின அன்னைக்குத்தான்மா" என்றார். "அங்கேருந்துதான் எனக்கு போன் பண்ணியிருக்கா. நான் எப்பவும் சொல்றதச் சொல்லி வச்சிட்டேன். அன்னைக்கு ஷோகூட இல்ல. டெஸ்ட்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"விடுங்கண்ணே, அப்புறமா வேற யாருக்காவது பண்ணியிருப்பா."

"போனைக் காதுலேருந்து எடுக்கவே இல்லம்மா. வேற நம்பர் போடவே இல்ல. நடுவுல நிறுத்துறா பாரும்மா, அங்கதான் நான் வச்சேன். அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு செகண்ட் பேசுறா. யார்கிட்ட பேசுறா?"

மாலை ஐந்து மணிக்கு ஷோ. படம் முடிந்ததும் இயக்குநர் மேடை ஏறினார். முப்பது வயதுகூட இருக்காது; கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாத தம்பி. கேள்வி நேரத்தில், எல்லா விழாவுக்கும் வந்து எல்லாக் கேள்வியும் கேட்கிற ஜோல்னாப்பை மனிதர் எழுந்தார். "பஸ் நிறுத்தத்தில் போன் பேசும் அந்தப் பெண், நகரத்துத் தனிமையின் குறியீடு என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! குறியீடாம் குறியீடு! கதவில் தொங்குகிற திரையைத் தைத்தவள் ஐயா அவள்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்தத் திரை விலகி அண்ணன் உள்ளே வந்தார். ஹாலில் ஆள் இருக்கும்போது அவர் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, அந்த அம்மா பேசுறது வேற குரல். அவங்க சொந்தக் குரல் உங்ககிட்ட இருக்கா?"

"நீங்க யாரு சார்?"

"அவ புருஷன்."

ஜோல்னாப்பை மெதுவாக உட்கார்ந்தது.

அப்புறம் வெளி வராந்தாவில் வைத்துத் தம்பி சொன்னார். கேமராவை மறைத்து வைத்து எடுத்த காட்சி. கதாநாயகியின் உடைக்குள் மைக் இருந்ததால் பக்கத்தில் நின்ற அக்கா பேசியதும் அதில் பதிவாகிவிட்டது. "அவங்க பேசினது எனக்கு இன்னும் மறக்கல சார். படத்துக்குள்ள அது அடங்கல. அதான் எடுத்துட்டு டப்பிங்ல வேற குரல் போட்டோம்."

"அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பதிவு வீட்டில் இருக்கிறது, காலையில் எடுத்து வருகிறேன் என்றார். "அவங்க பேசினது நல்ல சேதி இல்ல சார்" என்றும் சொன்னார்.

"எனக்கு அவ குரல் வேணும் தம்பி. எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை சொன்னபடி வந்தார். லேப்டாப்பை ஹால் ஸ்பீக்கரில் இணைக்க அண்ணனே வயரைச் சொருகினார். பிறகு நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். அந்த ஹால் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

முதலில் வண்டிச் சத்தம். பிறகு அக்கா.

"என்னங்க, நான்தான். ரிப்போர்ட் வாங்கிட்டேன்..."

ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன சொல்லப்பட்டதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரி" என்றாள். ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. அப்புறம், வைத்துவிட்ட போனில், யாரோ கேட்பதுபோலவே பேச ஆரம்பித்தாள்.

"ஆமாங்க, பெரிய டாக்டரே பாத்தாரு. நல்லது இல்லையாம். ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்றாரு... இல்லங்க, நீங்க பதறாதீங்க... பயமாத்தான் இருக்கு. வீட்டுக்கு வந்தா உங்க மூஞ்சியப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வாய் வராது. அதான் இப்பவே சொல்லிடறேன்... கேக்குறீங்களா?"

"கேக்குறேன், சொல்லு" என்றார் அண்ணன்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. வைக்கிறேன்."

மறுபடி வண்டிச் சத்தம். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தரம் போடுங்க தம்பி."

போட்டார். "என்னங்க, நான்தான்" என்று அவள் ஆரம்பித்ததும் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஆபீஸிலிருந்து, மதிய ஷோவுக்கு டெஸ்ட் முடிந்ததா என்று கேட்கிற வழக்கமான போன். அவர் எடுத்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் ஒன்றும் ஓடவில்லை, வெறும் வெள்ளை.

"என் பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்கா" என்றார். "வைங்க."