உப்புப் பார்த்த நோன்பு

ரமழானுக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் டாக்டர் அதைச் சொன்னார். என் மகளை விட இளையவர். சீனி வருத்தத்துக்கு மாதா மாதம் எனக்கு ஊசி அளவு எழுதித் தருபவர். கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உம்மா, இந்த முறை நீங்க நோம்பு பிடிக்க வேணாம்" என்றார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிடிக்கட்டா?"

"ஒரு நாளும் வேணாம்."

பக்கத்தில் நின்ற மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வருடம் பதினாறாம் நோன்பில், பின்னேர அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யப் போன இடத்தில் சீனி இறங்கி நான் குழாயடியில் விழுந்து கிடந்தேன். முதலில் கண்டவள் அவள்தான். அதனால் அவளிடம் நியாயம் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஒன்பது வயதில் முதல் நோன்பு பிடித்தவள் நான். பிள்ளை பெற்ற வருடங்களில் தவறியதை எல்லாம் அடுத்தடுத்த மாதங்களில் பிடித்து முடித்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபோதும் ஒரு நோன்பையும் கடனாக விடவில்லை. அதைப் பெருமையாக யாருக்கும் சொன்னதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் சொன்ன பிறகுதான், மனதுக்குள் எத்தனை தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியது.

நாங்கள் இருப்பது கல்முனையில், மகளின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நாங்கள் கட்டினோம், அவளுக்கு எழுதிக் கொடுத்தோம், பின்பக்கம் இரண்டு அறை இறக்கி நானும் என் கணவரும் இருக்கிறோம். மகன் நிந்தவூரில், பெண்சாதி வீட்டில். குசினி மட்டும் எங்களுக்கும் மகளுக்கும் ஒன்றுதான். அந்தக் குசினியில் நோன்பு மாதத்துப் பகலில் எனக்கென்று சோறு ஆக்க முதல் நாள் கை வரவில்லை. முந்திய நாள் மிஞ்சிய சோற்றில் கொஞ்சம் போட்டு, பருப்பை ஊற்றி, பின்னறையில் நெல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகையில் இருந்து அவசர அவசரமாகத் தின்றேன்.

இரண்டாம் நாளே பிடிபட்டேன். கதவைத் திறந்தது ஏழு வயதுப் பேத்தி. நோன்புக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. அவள் நடுப்பகல் லுஹர் வரை பசி இருந்து, அதற்கு அரை நோன்பு என்று பெயர் வைத்திருந்தாள்.

"உம்மம்மா, நீங்க சோறு தின்னுறீங்க."

"ஓம்."

"ஒளிச்சு."

"ஓம்."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "எனக்கும் அரை நோம்பு முடிஞ்சி. நானும் ஒளிக்கட்டா?"

பலகையில் இடம் விட்டேன். அதன் பிறகு பகல் சாப்பாடு எங்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான். அவள் வந்ததால் பழஞ்சோறு போதாது என்று ஒரு முட்டை பொரித்தேன், அடுத்த நாள் சூடை மீன் ஆணம் வைத்தேன். நான் வெட்கப்பட்டுத் தின்ற சோறு அவளுக்கு ஒரு விளையாட்டாகிப் போனது.

ஐந்தாம் நாள் என் கணவர் மூட்டை எடுக்க வந்தார். அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வந்திருந்த நேரம். வயலுக்குப் போய் வந்த நோன்பாளி, உதடு காய்ந்து நிற்கிறார். என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கலியாணம் முடித்து நாற்பத்தைந்து வருடமாகியும் அவர் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அன்று எனக்குக் கூசியது.

"என்ன புள்ள, களவெடுத்த சோறா?" என்றார். "இதுக்குள்ள காத்து இல்லயே. வெளியால இருந்து தின்னுங்க ரெண்டு பேரும்."

மறுநாள் பார்த்தால் பின் வளவில் மாமரத்துக்குக் கீழே இரண்டு கதிரையும் ஒரு சின்ன மேசையும் கிடந்தன. அவர் போட்டுவைத்துவிட்டு வயலுக்குப் போயிருந்தார்.

எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. இறைச்சி, இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை இலை, கடைசியில் தேங்காய்ப் பால் எல்லாம் சரியாக விழும். உப்பு மட்டும் குருட்டடி. ஆக்குகிறவர்கள் எல்லோரும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவதற்கு மார்க்கத்தில் தடை இல்லை, ஆனால் மகள் பயந்த சுபாவம். கண்ணால் பார்த்தே போடுவாள். அந்த வருடம் முதல் இரண்டு நாளும் உப்புக் கூடிவிட்டது. மருமகன் நல்ல மனிதர். கஞ்சியை முழுதாகக் குடித்துவிட்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் மகள் அகப்பையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உம்மா, கோவிச்சுக்க மாட்டீங்கதானே. ஒருக்கா உப்புப் பாத்துச் செல்லுங்களன்."

நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடக்க, நோன்புக் கஞ்சி என் நாக்கில். கண் கலங்கிவிட்டது.

"என்ன உம்மா, கூடிட்டா?"

"இல்ல. கொறைவு. இன்னும் அரைக் கரண்டி போடு."

அன்று மருமகன் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். மகள் பக்கத்து வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் மதிலுக்கு மேலால் ஒரு கிண்ணம் வந்தது. "மாமி, இதையும் ஒருக்காப் பாருங்க." பிறகு எதிர் வீடு, ஒழுங்கைக் கோடி வீடு. கட்லட்டுக்குப் பிசைந்தது, சமோசாவுக்குள் வைக்கும் இறைச்சி, பால் ஆணம். இனிப்பு மட்டும் வந்தால் மகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். நோன்பில்லாத நாள் எல்லாப் பெண்களுக்கும் மாதத்தில் வருவதுதான். அவர்களுக்கும் நாக்கு உண்டு. ஆனால் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். ஊரறிய நோன்பில்லாதவள் நான் ஒருத்திதான். அசருக்குப் பிறகு என் அறை வாசலில் கிண்ணங்களோடு பிள்ளைகள் நிற்பார்கள். நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லும்போது, இந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் இப்போது யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரம் சந்தோசமாக இருக்கும்.

ஆனாலும் என் நோன்புக்கு ஈடு கொடுக்க வேண்டும். பிடிக்க முடியாதவர்கள் ஒரு நாளைக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுப்பது. பித்யா என்போம். மொத்தமாக அரிசி மூட்டையாய்க் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். எனக்கு ஆக்கிக் கொடுக்கத்தான் ஆசை. கடற்கரைப் பக்கம் சுனாமிக்குப் பிறகு கட்டிய மாடி வீடுகளில், கீழ் வீடொன்றில் ஒரு ராத்தா தனியே இருந்தார். என்னை விட ஆறு வயது கூட, அதனால் அக்கா முறைக்கு ராத்தா. ஒரு காலத்தில் இந்த ஊர்க் கலியாண வீடுகளுக்கெல்லாம் சோறு ஆக்கியவர். இப்போது கை நடுங்கும். அப்படியும் நோன்பு பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மூடிய சோற்றுப் பீங்கானோடு போனேன். பீங்கானையும் என் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த முறை உனக்கு நோம்பு இல்லயா?"

"டாக்டர் வேணாமெண்டுட்டார் ராத்தா."

"சரி. உன்ட நோம்பையும் சேத்து நான் திறக்கன்."

வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். இரக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. மறுநாள் போனபோது வெறும் பீங்கானை நீட்டிக்கொண்டு, "மீனுக்குப் புளி காணாது. பாரை மீனுக்குப் புளி நல்லா விடணும்" என்றார். அதற்கடுத்த நாள், "நாளைக்கு முருங்கையிலை சுண்டிக் கொண்டா. மாசித்தூள் கூடப் போடு" என்றார். வீட்டில் வந்து சொன்னபோது மகள் சிரித்தாள். எனக்கோ பல வருடத்துக்குப் பிறகு பரீட்சை எழுதுவதைப் போல இருந்தது. ஆக்கும்போதே, ராத்தா இதற்கு என்ன சொல்வார் என்று யோசித்தேன். ஒருநாள் பீங்கானைத் திருப்பித் தந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அன்று நல்லாக இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படியே இருபத்தாறு நாள் போனது. இருபத்தேழாம் நோன்புக்கு என் மனம் கேட்கவில்லை. அந்த ஒரு நாளாவது பிடித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். விடியுமுன் சஹருக்கு எல்லோரோடும் இருந்து சாப்பிட்டேன். ஊசியைக் குறைத்துப் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. பகல், மாமரத்துக்குக் கீழே பேத்தி வந்து கதிரையில் ஏறி இருந்தாள்.

"உங்கட சோறு எங்க?"

"நான் முந்தியே திண்டுட்டன் மகள். நீ தின்னு."

நோன்போடு சொன்ன பொய். ஆனாலும் விடவில்லை. பின்னேரம் கஞ்சியைப் பார்க்க மகள் கூப்பிட்டாள். நுனி நாக்கில் வைத்து, முகத்தைத் திருப்பித் துப்பிவிட்டு, "சரியா இரிக்கி" என்றேன். மற்ற வீட்டுக் கிண்ணங்களையும் அப்படியே பார்த்து அனுப்பினேன். பிறகு பீங்கானை எடுத்துக்கொண்டு பேத்தியோடு நடந்தேன். கடற்காற்று அடித்தும் கழுத்தெல்லாம் வேர்த்தது. கால் பாதையில் சரியாகப் படவில்லை.

ராத்தா வாசலில் கதிரை போட்டு இருந்தார்.

"என்ன கா, மொகம் வெளுத்திரிக்கி?"

"வெயில் ராத்தா."

"இந்த நேரத்தில என்ன வெயில்." பேத்தியைப் பார்த்தார். "உம்மம்மா பகலைக்குத் திண்டாவா மகள்?"

"முந்தியே திண்டுட்டாவாம்."

"நீ கண்டயா?"

"இல்ல."

பீங்கானை வாங்க நீட்டிய கையை ராத்தா மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ நோம்பெண்டா இந்தச் சோறு எனக்கு என்னத்துக்கு? இது நோம்பு ஏலாத ஆக்கள் குடுக்கிற சோறு. கொண்டு போ."

"இன்னும் ஒரு மணித்தியாலம்தானே ராத்தா."

"போன வருசம் நீ விழுந்ததும் இந்த நேரந்தானே. இரி."

தன் கதிரையில் என்னை இருத்திவிட்டு உள்ளே போனார். சீனி கரைத்த தண்ணீரோடு வந்தார். கை நடுக்கத்தில் பாதி அவருடைய உடுப்பிலேயே சிந்திவிட்டது. என் கையும் நடுங்கியது. இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்துத்தான் கிளாஸ் என் வாய்க்கு வந்தது. பிஸ்மி சொல்லிக் குடித்தேன். விடியக்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாத உதட்டோடு, நான் குடித்து முடியும் மட்டும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணீர் வந்ததை நான் துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப தா" என்று கையை நீட்டினார். மூடியைத் தூக்கி மணந்து பார்த்தார். "கணவாயா?"

"ஓம்."

"பாப்பம்."

வீட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்ற முன்னமே பேத்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மகள் ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் சீனி பார்க்கும் மெசினைக் கொண்டு வந்து என் விரலில் குத்தி, நம்பரைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். என் கணவர் வாசலில் நின்றார். "அல்லாஹ் லேசாக்கித் தந்ததை நீ ஏன் புள்ள பாரமாக்கிறா?" என்றார். அடுத்த இரண்டு பகலும் மகள் நோன்போடு மாமரத்துக்குக் கீழே வந்து, நான் கடைசிப் பிடி தின்னும் வரை எதிரில் இருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டு, தன் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, "மீனையும் தின்னுங்க உம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஆசைப்பட்டது நோன்புக்கா, நோன்பாளி என்ற பேருக்கா என்று அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். முழுதாகத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. தொழுகைப் பாயில் இருந்து, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

இருபத்தொன்பதில் பிறை கண்டது. பெருநாள் காலையில் கடற்கரைத் திடலில் தொழுதுவிட்டு வந்தோம். நிந்தவூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்தான். மருமகன் ஓட்டோ பிடித்துப் போய் ராத்தாவைக் கூட்டி வந்தார். வந்தவர் முன்னறையில் இருக்கவில்லை. நேரே குசினிக்குள் போய் நெய்ச்சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தார்.

"தண்ணி கூடிட்டு. நெருப்பக் கொறைச்சு, மேல தணல் போடுங்க."

கேஸ் அடுப்பில் தணலுக்கு எங்கே போவதென்று மகளும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் கணவர் வளவில் சிரட்டை எரித்துத் தணல் கொண்டு வந்தார்.

ஆண்களுக்கு ஒரு சஹன், எங்களுக்கு ஒரு சஹன். ராத்தா, மகள், மருமகள், பேத்தி, நான் என்று ஐந்து பேர் அந்தப் பெரிய பீங்கானைச் சுற்றி இருந்தோம். பெருநாளில் நோன்பு பிடிப்பது எல்லோருக்கும் தடை. நல்ல பகல் வெளிச்சத்தில் எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். எலும்பில்லாத இறைச்சித் துண்டுகளாகப் பார்த்து ராத்தா பேத்தியின் பக்கம் ஒதுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு என்ன ஆக்கப் போறா?"

"நோம்பு முடிஞ்சிட்டே ராத்தா."

"நோம்பு முடிஞ்சா பசியும் முடிஞ்சிரிமா கா?"

மகள் வாயில் சோற்றோடு சிரித்துப் புரைக்கேறினாள். மறுநாளும் கொண்டு போனேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். போன கிழமை கத்தரிக்காய் ஆணம். கத்தரிக்காயைக் கொஞ்சம் கூட வதக்கியிருக்க வேண்டுமாம்.