அம்மா பெயர் சொல்லாத பூச்சி

நான்கு வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு காலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கினிகத்தேனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் முடிவுக்காகக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையோடு திரிந்த காலம் அது.

"அம்மா கையில பூச்சி கடிச்சிருச்சு, ஓடியா!" என்று அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையிலிருந்து கத்தினார்கள். ஓடினேன். வலது கையில் மஞ்சளை அப்பித் துணியால் சுற்றியிருந்தார்கள். முந்தின வாரம்தான் பக்கத்து மலையில் குளவி கலைந்து நாலு பேரைக் கொட்டியிருந்தது. இதுவும் அதுதான் என்று நினைத்தபடியே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வண்டியில் வந்தவர்கள் சிங்களவர்கள். அவர்களில் எங்களோடு பின்னால் ஏறிய ஓர் அண்ணன், "மொக்கத வுனே, நங்கி?" என்று என்ன நடந்ததென விசாரித்தார். 'தெபரு' என்றேன். குளவிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அவர் பிரஷர் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து வயது, பிரஷர், வீக்கம், தெபரு என்று வரிசையாகச் சொன்னார். என் வார்த்தை எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிறதே என்று உள்ளுக்குள் பூரித்தேன்.

கண்ணை மூடிக் கிடந்த அம்மா சட்டென்று விழித்தார். "ஏ புள்ள, யாரு தெபருன்னு சொன்னது?"

அம்மாவுக்குச் சிங்களம் புரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"எல்லாரும் பூச்சின்னுதானேம்மா சொன்னாங்க?"

"இது காலில்லாத பூச்சிடி! பேரச் சொன்னா வெஷம் ஏறும். இம்புட்டுப் படிச்சும் இது தெரியலியா?"

"சர்ப்பயா! பாம்பு!" என்று இரண்டு மொழியிலும் கத்தினேன். அந்த அண்ணன் உடனே மறுபடி போனை எடுத்து முதலில் சொன்னதை மாற்றினார். அம்மாவின் வளையல்களைக் கழற்றிக்கொண்டே, என்ன நிறம் என்று கேட்டார்.

"கொழுந்து நெறம். கொழுந்துன்னு நெனச்சி ஒடிக்கப் போயிட்டேன்ல," என்று வலியிலும் சிரித்தார் அம்மா.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுகட்டிலோடு நின்றார்கள். உடனே இரத்தம் எடுத்து உறைகிறதா என்று பார்த்தார்கள். சரியாக உறையவில்லை. மூன்று நாள் வார்ட்டில் வைத்துத்தான் அனுப்பினார்கள். குளவி என்றே நினைத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று டாக்டரம்மா சொன்னபோது, அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் அந்த மூன்று நாட்களை நினைத்தால் இனிக்கிறது. விடிந்ததும் மலைக்கு ஓடாமல் அம்மா என்னோடு இருந்தது அப்போதுதான். நான் ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னார்: "எம்மக சிங்களத்துல எடுத்துச் சொல்லித்தாங்க நான் பொழச்சேன்."

இன்று ஓர் அரசாங்க அலுவலகத்தில், தோட்டத்து ஆட்கள் சொல்வதைச் சிங்களத்தில் எழுதுவதுதான் என் வேலை. ஒருவர் சொன்னதை அவரிடமே இன்னொரு தடவை கேட்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை; வார்ட்டில் அம்மா என்னைப் பற்றிச் சொன்ன அந்தப் பொய்யை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாக்கிக்கொண்டிருக்கிறேன்.