முப்பத்தெட்டு ரேடியேட்டர்களும் ஓர் உள்ளங்கையும்

ஸ்தமெங்கா வுலெடிச் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஆறாம் எண் வீட்டில் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தாறு. இடது முழங்கால் வலிப்பதால் படியில் பக்கவாட்டாக ஏறுவார். போஜெகா காலுறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தவர் என்று தெரியும். காலுறை பின்னியிருப்பார் என்று நினைத்திருந்தோம். அங்கே பாய்லர் அறையைப் பார்த்துக்கொண்டவர் அவர் என்பது ஜனவரி 18, வியாழக்கிழமை வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கட்டடம் கட்டி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. பத்து வீடுகள், அடித்தளத்தில் ஒரே பாய்லர். ஆனாலும் மேல் மாடி குளிர்ந்தே கிடந்தது. கட்டியவர் அனுப்பிய பொறியாளர் இருமுறை வந்தார்; இரண்டாம் முறை பெரிய பம்ப் மாட்டிவிட்டுப் போனார். பயனில்லை.

பத்தாம் எண் வீட்டுக்கு ஆகஸ்டில் ஒக்னியென், தியானா தம்பதி குடிவந்தார்கள். ஜனவரியில் அவர்களுக்கு ஏழு வாரம் முன்னதாகவே மகன் பிறந்தான். வெள்ளிக்கிழமை குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் அறை இருபத்து மூன்று டிகிரிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் அவன் மருத்துவமனையிலேயே இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெளியே மைனஸ் பதினொன்று. அவர்கள் அறையில் நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 16.3. மின்சார ஹீட்டர் வைத்தும் பத்தொன்பதைத் தாண்டவில்லை.

வியாழன் காலை ஒக்னியென் படிக்கட்டில் நின்று இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொரு பம்புக்கு ஆள் தேடப் போவதாகச் சொன்னான். ரொட்டிப் பையோடு ஏறிவந்த ஸ்தமெங்கா நின்று கேட்டார்.

"பம்ப் எதுக்குப்பா? தண்ணி போதும். அது வழியிலேயே திருடு போவுது."

பையை என் கையில் கொடுத்துவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினார்.

பாய்லரைப் பார்த்துவிட்டு, முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் தண்ணீர் உள்ளே போகும் குழாயில் ஒரு முறை, வெளியே வரும் குழாயில் ஒரு முறை வலது உள்ளங்கையை வைப்பார். இரண்டும் ஒரே சூடாக இருந்தால், தண்ணீர் வேகமாக ஓடிவிடுகிறது, அடுத்தவர் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது என்று பொருளாம். உடனே வெளியே வரும் குழாயில் இருக்கும் கீழ் வால்வின் மூடியைக் கழற்றிக் கால் சுற்று மூடுவார்; காத்திருப்பார்; மறுபடி கை வைப்பார்.

முதலாம் எண் வீட்டு விதோமிர் ஜன்னலைத் திறந்துவைத்து, பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கு அத்தை. மேல குளிருதுன்னா கீழ அடுப்ப அணைக்க வந்துட்டீங்க."

"உன் ரேடியேட்டர் உன்னையா சூடாக்குது? தெருவச் சூடாக்குது. ஜன்னல சாத்து, பனியனுக்கு மேல ஒரு சட்டையப் போடு. ஊருல ஒரு பொண்ணும் உன்னைப் பாக்கல."

விதோமிரின் மனைவி சிரித்துக்கொண்டே செர்ரி இனிப்பும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்தவர் அதை மறுத்தால் சண்டைக்கு வந்ததாக அர்த்தம். ஸ்தமெங்கா அன்று மற்ற ஒன்பது வீட்டிலும் ஒரு கரண்டி சாப்பிட்டார். ஏழாவது வீட்டில் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

நான் குழாயில் கட்டி அளக்கும் தெர்மாமீட்டரோடு பின்னாலேயே போனேன். வானிலை நிலையத்தில் நாற்பத்தோர் ஆண்டுகள் இருந்தவன். கையால் வெப்பம் சொல்வதை நம்புகிறவன் அல்ல. அவர் "ஐம்பத்திரண்டு" என்றார். அளந்தேன், 52. "நாற்பத்தொன்பது" என்றார். 49.5. அவர் கை வைத்த முப்பத்தெட்டு ரேடியேட்டர்களிலும் எழுதிக்கொண்டேன். இரண்டில் மட்டுமே ஒரு டிகிரிக்கு மேல் பிசகினார்.

எப்படி என்று கேட்டேன். தொண்ணூறுகளில் எங்கள் நாட்டின்மேல் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பாய்லர் அறையின் அளவுமானிகள் ஒவ்வொன்றாக உடைந்தனவாம், மாற்று கிடைக்கவில்லை. மூன்று குளிர்காலம் கையை வைத்தே ஓட்டினாராம். தவறினால் கொதிகலன் வெடிக்கும். "அப்ப கை கத்துக்கிச்சு," என்றார், வேறொருவரின் கையைப் பற்றிச் சொல்வதுபோல.

நாங்கள் போன எல்லா வீட்டிலும் கீழ் வால்வு முழுக்கத் திறந்திருந்தது, என் வீட்டிலும். இதை யார் தொடங்கிவைத்தது என்று அவர் கேட்கவில்லை. நானே குறிப்பேட்டைக் கொண்டுவந்து, இரண்டாண்டுக்கு முந்தைய பக்கத்தைக் காட்டினேன். டிசம்பர் 9: நான்கு ரேடியேட்டர்களிலும் கீழ் வால்வை ஒன்றரைச் சுற்று திறந்தேன். 14 மணிக்கு 20.4. 21 மணிக்கு 22.1. மறுநாள் விதோமிர் வீட்டில் காபி குடிக்கும்போது இந்த வித்தையைச் சொன்னதும் அதில் இருந்தது. காபியோடு அது வீடு வீடாக மேலே ஏறியிருக்கிறது. ஒவ்வொருவரும் திறக்கத் திறக்க, கடைசி வீட்டுக்குத் தண்ணீர் குறைந்திருக்கிறது.

ஒக்னியென் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

ஸ்தமெங்கா பக்கத்தை நிதானமாகப் படித்தார். "எத்தனை சுத்துன்னு எழுதிவச்ச ஒரே ஆளு நீங்கதாண்ணே. உங்க வீட்டுக்கு என் கை வேணாம். ஒன்றரைச் சுத்து, திருப்பி மூடுங்க."

மூடினேன்.

மாலை நான்கு மணிக்குப் பத்தாம் எண் வீட்டின் கடைசி ரேடியேட்டரில் கை வைத்தார். கையை எடுக்காமலே இருந்தார். "வருது," என்றார் ஸ்தமெங்கா. அவ்வளவுதான்.

வெள்ளி காலை 7 மணிக்கு அளந்தது: வெளியே மைனஸ் 12.4, பத்தாம் எண் படுக்கையறை 23.6, என் அறை 21.8. கீழே யாருக்கும் குளிரவில்லை. எல்லோரும் குறைத்துக்கொண்டதால் எல்லோருக்கும் கிடைத்தது. எண்கள் கையில் இருந்தும் இதை என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

மதியம் குழந்தை வந்தான். எடை 2,140 கிராம். ஸ்தமெங்கா கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, போர்வைக்குள் விட்டு, அவன் முதுகில் வைத்தார்.

"முப்பத்தாறரை," என்றார்.

தெர்மாமீட்டர் என் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.