ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜாலிச் சுவரின் நிழல்

மார்கழியில் பெருமாளைச் சேவித்துவிட்டு அம்மா மண்டபம் சாலைப் பக்கம் நடந்தபோதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். அறுபதுகளின் நவீனத்துவ பாணி. தட்டையான கூரை, அலங்காரமில்லாத நேர்க்கோடுகள், மாடிப்படிக்கு மேற்கே துளை துளையாகச் சிமெண்ட் ஜாலிச் சுவர். ஓய்வுபெற்ற பிறகு, இத்தகைய கட்டடங்களை வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டிப் படமாக்கி வருகிறேன். யாரிடமும் காட்டியதில்லை. அன்றும் கதவைத் தட்டத் தைரியமின்றித் திரும்பிவிட்டேன்.

மாசியில் மறுபடி போனேன். கரூரிலிருந்து காலை ரயிலில் திருச்சி ஜங்ஷன். அங்கிருந்து டவுன் பஸ், சுமார் பத்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வீட்டு வாசலில் மணல் கொட்டிக் கிடந்தது. வீட்டை இடிக்கப் போகிறார்கள் போலிருக்கிறது. தெருவில் நின்றபடியே டேப் வைத்துச் சுவரை அளக்கத் தொடங்கினேன்.

உள்ளிருந்து ஓர் ஆண் குரல்: "வீட்டு வரிக்கு அளக்க வந்துட்டாங்க. நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடு!"

"நீங்க கத்துறது ராஜகோபுரம் வரைக்கும் கேக்குது" என்றபடி அவர் மனைவி வெளியே வந்தார். பையிலிருந்த பழைய படமொன்றை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காகிதமா இது? உள்ள வாங்க சார். நாளைக்குக் காலையில மேஸ்திரி வந்து ஜாலியை இடிக்கிறார். புறாத் தொல்லை தாங்கலை."

படியில் உட்கார்ந்து துளைகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டேன். ஆனால் படத்துக்கு உயிர், மாலை வெயிலில் படிகளில் விழும் நிழல்தான். நான்கு மணிக்கு வானம் மூடிக்கொண்டது. நிழல் கிடைக்காததைச் சொல்லி, பரவாயில்லை என்று எழுந்தேன். அந்த அம்மாள் போனை எடுத்தார்.

"மேஸ்திரி, நாளைக்குச் சாயந்திரம் வாங்க. இல்லைங்க, சிமெண்ட் வந்துடுச்சு. வெயில்தான் வரலை. ஆமாங்க, வெயில்!"

அன்றிரவு லாட்ஜில் தங்கினேன், அறை வாடகை அறுநூறு. மறுநாள் மூன்றரைக்குப் படிகளெங்கும் கட்டம் கட்டமாக நிழல் இறங்கியது. கடப்பாரையோடு வந்த மேஸ்திரி என் பின்னால் நின்று பார்த்தார். "சார், அந்த மேல் மூலையை முதல்ல போட்டுக்குங்க. நான் அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்."

இத்தகைய வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல் போங்கள், மேற்குச் சுவர்கள் அப்போதுதான் பேசும். கைவசம் ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும்.

படம் முடிந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். நிழல் மட்டும் சரியாக விழுந்திருக்கிறது. அதற்காக, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டு வேலையை ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்தார்கள்.